"நான் மேல சொல்லிட்டேன்": அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல கோச்சுக்கு மேல யாரு இருக்கா?

2001 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை காலை. பென்சில்வேனியால ஸ்டேட் காலேஜ்னு ஒரு ஊரு, ஊரு பேரே அதுதான். அங்க பென் ஸ்டேட் யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீமோட (நம்ம ஊரு கால்பந்து இல்ல, பந்த கைல தூக்கிட்டு ஓடுற அமெரிக்க ஆட்டம்) ஹெட் கோச் ஜோ பட்டர்னோ வீட்டுல போன் அடிக்குது. கூப்பிட்டது மைக் மெக்குவீரி, முன்னாடி அதே டீம்ல குவாட்டர்பேக்கா, அதாவது பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துற ஆளா ஆடின பையன், அப்ப 26 வயசு, டீம்ல கிராஜுவேட் அசிஸ்டன்ட், அதாவது கோச்சிங்லயே கடைசிப் படில இருக்கிற எடுபிடி வேலை. உங்கள நேர்ல பாக்கணும்னு கேக்குறாரு. பட்டர்னோ எடுத்த எடுப்புலயே சொன்னது, உனக்கு குடுக்க என்கிட்ட வேலை எதுவும் இல்ல, அதுக்குத்தான்னா வராதேன்னு. அப்ப டீம்ல ஒரு கோச் போஸ்ட் காலியா இருந்துச்சு, பையன் சிபாரிசு கேட்டு வர்றான்னு நெனச்சுட்டாரு.

அது இல்ல, வேற விஷயம்னு சொல்லிட்டு வந்து, கிச்சன் டேபிள்ல உக்காந்து மெக்குவீரி சொன்னது இதுதான்: நேத்து ராத்திரி டீம் பில்டிங்ல ஷவர் ரூம்ல ஜெர்ரி சாண்டஸ்கி ஒரு சின்னப் பையனோட இருந்தத பாத்தேன், தப்பான விஷயம், பாலியல் விஷயம். சாண்டஸ்கி யாருன்னா பட்டர்னோகிட்ட 30 வருஷம் அசிஸ்டன்ட் கோச்சா இருந்து 1999ல ரிட்டயர் ஆன ஆளு, ஏழைப் பசங்களுக்கு உதவுறோம்னு 1977லயே செகண்ட் மைல்னு ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பிச்சு ஊர்ல நல்ல பேரோட சுத்திட்டு இருந்தவன், ரிட்டயர் ஆன பிறகும் அந்த பில்டிங் சாவி அவன் கைலதான்.

பட்டர்னோ கேட்டுக்கிட்டாரு. உடனே யாருக்கும் போன் பண்ணல. 10 வருஷம் கழிச்சு கிராண்ட் ஜூரி (ஒருத்தர் மேல கேஸ் போடலாமான்னு விசாரிக்கிற பொதுமக்கள் குழு) முன்னாடி அதுக்கு அவரே சொன்ன காரணம், சனிக்கிழமையா இருந்துச்சு, அவங்க வீக்கெண்ட கெடுக்க வேணாம்னு பாத்தேன்னு. மறுநாள் தன்னோட மேலதிகாரி, அத்லெட்டிக் டைரக்டர் (யூனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் எல்லாத்துக்கும் தலைவர்) டிம் கர்லிகிட்ட விஷயத்த சொன்னாரு. அவ்ளோதான். சட்டப்படி அவரு வேலை அதோட முடிஞ்சுபோச்சு.

சட்டப்படின்னு நான் நக்கலுக்கு சொல்லல. அன்னைக்கு பென்சில்வேனியால இருந்த சட்டம் அப்படித்தான் இருந்துச்சு: ஒரு நிறுவனத்துல வேலை பாக்குறவருக்கு குழந்தை மேல நடந்த கொடுமை பத்தி தகவல் வந்தா அவரு நிறுவனத்தோட பொறுப்புல இருக்கிறவர்கிட்ட சொல்லணும், அரசாங்கத்துக்கு சொல்ல வேண்டியது அந்தப் பொறுப்பானவரு. 2011ல கேஸ் வெடிச்சப்ப ஸ்டேட் அட்டர்னி ஜெனரல் ஆபீஸே பட்டர்னோ மேல எங்க விசாரணை இல்லன்னு சொல்லிடுச்சு, அதே மேடையில மாநில போலீஸ் கமிஷனர் மட்டும் சட்டக் கடமை வேற, மனுஷனா செய்ய வேண்டிய கடமை வேறன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு போனாரு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஓட்டைலதான் இந்தக் கதை பூராவும் இருக்கு. பென் ஸ்டேட் மட்டும் இல்ல, அதுக்கப்புறம் வந்த பெய்லர், ஒஹாயோ ஸ்டேட், மேரிலாண்ட், நார்த்வெஸ்டர்ன் எல்லாமே.

"மேல சொல்லிட்டேன்"ங்கிறது ஒரு கிளார்க் சொன்னா நியாயமான பதில். பட்டர்னோ சொன்னா? அவருக்கு மேல யாரு இருந்தா?

பேப்பர்ல பாத்தா ஆள் வரிசையா இருக்காங்க, அத்லெட்டிக் டைரக்டர், வைஸ் பிரசிடெண்ட், யூனிவர்சிட்டி பிரசிடெண்ட், அதுக்கும் மேல டிரஸ்டி போர்டு. நிஜத்துல பாத்தா 1966லிருந்து ஹெட் கோச்சா இருக்கிற மனுஷன், 80கள் ஆரம்பத்துல கொஞ்ச காலம் அத்லெட்டிக் டைரக்டர் நாற்காலிலயும் அவரேதான் உக்காந்திருந்தாரு, காம்பஸ் லைப்ரரிக்கு அவரு குடும்பப் பேரு, ஸ்டேடியத்துக்கு வெளிய வெண்கலச் சிலை, அந்த ஸ்டேடியத்துல ஒரு லட்சத்துக்கு மேல ஆளு உக்காரலாம். ஊரோட மக்கள்தொகைய விட ஸ்டேடியம் பெருசு. 2004ல டீம் தொடர்ந்து தோத்துக்கிட்டு இருந்தப்ப பிரசிடெண்ட் கிரஹாம் ஸ்பானியரும் கர்லியும் பட்டர்னோ வீட்டுக்கே போய், போதும் சார், ரிட்டயர் ஆயிடுங்கன்னு கேட்டுப் பாத்தாங்க. மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டாரு, இன்னும் 7 வருஷம் இருந்தாரு. ஊழியர்கிட்ட போய் மேலதிகாரிங்க கெஞ்சிட்டு வெறுங்கையோட திரும்பி வர்றாங்கன்னா யாரு யாருக்கு கீழன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. கோயிலவிட பூசாரி பெரியாளாயிட்டாரு.

இது பென் ஸ்டேட்டுக்கு மட்டும் உள்ள நோய் இல்ல. அதே 2011ல ஒஹாயோ ஸ்டேட்ல ஜிம் டிரெசல்னு ஒரு கோச் மாட்டினப்ப, அவர டிஸ்மிஸ் பண்ண யோசிச்சீங்களான்னு நிருபர் கேட்டதுக்கு யூனிவர்சிட்டி பிரசிடெண்ட் கார்டன் கீ சிரிச்சுக்கிட்டே சொன்ன பதில், கோச் என்ன டிஸ்மிஸ் பண்ணாம இருந்தா சரின்னு. ஜோக்குதான். ஆனா அந்த ஜோக்குக்கு அங்க யாரும் ஆச்சரியப்படல பாருங்க, விஷயம் அதுல இருக்கு. அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல அரசாங்க சம்பளப் பட்டியல்ல முதல் இடம் கவர்னருக்கு இல்ல, ஏதோ ஒரு காலேஜ் கோச்சுக்கு. ஃபுட்பால் வருமானத்துலதான் நீச்சல், ரெஸ்லிங், பெண்கள் டீம்னு மத்த ஸ்போர்ட்ஸ் நிறைய ஓடுது, பழைய மாணவர்கள் நன்கொடை குடுக்கிற மூடே சனிக்கிழமை மேட்ச் ரிசல்ட்ட பொறுத்துதான். அப்படி இருக்கிறப்ப பூனைக்கு யாரு மணி கட்டுறது.

சரி, 2001க்கு திரும்புவோம், ஏன்னா அடுத்த சில வாரத்துல நடந்ததுதான் முக்கியம், வெளிய வந்தது என்னவோ 2012ல பழைய ஈமெயில்கள தோண்டி எடுத்தப்பதான். கர்லி, வைஸ் பிரசிடெண்ட் கேரி ஷுல்ட்ஸ், ஸ்பானியர் மூணு பேரும் சேந்து முதல்ல போட்ட பிளான்ல மாநில குழந்தைகள் நலத் துறைக்கு தகவல் சொல்றதும் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு கர்லி ஒரு மெயில் போடுறாரு: யோசிச்சுப் பாத்தேன், நேத்து ஜோகிட்டயும் பேசினேன், அந்த வழி எனக்கு சரியா படல, மொதல்ல நாமளே அவன்கிட்ட பேசிடலாம். ஸ்பானியர் அதுக்கு சரின்னுட்டாரு, கூடவே ஒரு வரி, அவன் கேக்கலன்னா நாம ரிப்போர்ட் பண்ணாதது நமக்கே வம்பாகும்னு. தெரிஞ்சே செஞ்சாங்க. ஷவர் ரூமுக்கு பசங்கள கூட்டிட்டு வராதேன்னு சாண்டஸ்கிகிட்ட சொன்னதோட முடிச்சுட்டாங்க. அந்தப் பையன் யாரு, இப்ப எங்க இருக்கான்னு ஒருத்தர் கூட தேடல.

"ஜோகிட்டயும் பேசினேன்"ங்கிற அந்த ஒரு வார்த்தைக்காக இன்னைக்கு வரைக்கும் அங்க சண்டை நடக்குது. எஃப்பிஐ முன்னாள் டைரக்டர் லூயி ஃப்ரீ 2012 ஜூலைல குடுத்த 267 பக்க ரிப்போர்ட், பட்டர்னோவும் மறைக்கிறதுல கூட்டுன்னு சொல்லுது. பட்டர்னோ குடும்பம் முன்னாள் அட்டர்னி ஜெனரல் டிக் தார்ன்பர்க் மாதிரி ஆளுங்கள வச்சு பதில் ரிப்போர்ட் போட்டு, ஃப்ரீ ஊகத்துல எழுதியிருக்காரு, பட்டர்னோவ பேட்டி கூட எடுக்கலன்னு சொல்லுது (அதுக்குள்ள அவரு செத்துட்டாரு). என் கணிப்பு, அவரு திட்டம் போட்டு மறைச்சாருன்னு அடிச்சு சொல்ற அளவுக்கு அந்த மெயில்ல ஒண்ணும் இல்ல. ஆனா மேல சொல்லிட்டு ஒதுங்கிட்டேன்ங்கிற வாதத்த அந்த மெயில் காலி பண்ணிடுது. மேல இருக்கிறவன் முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி திரும்ப கீழ வந்து உன்கிட்ட கேட்டுட்டுப் போறான்னா அப்புறம் அது மேல இல்லப்பா, அது உன் இடம்தான்.

எனக்கு இதெல்லாம் விட அதிகமா உறுத்துறது ஃப்ரீ ரிப்போர்ட்ல வர்ற துப்புரவுத் தொழிலாளிங்க விஷயம். 2000ல, அதாவது மெக்குவீரி பாத்ததுக்கு முந்தின வருஷம், அதே பில்டிங்ல வேலை செஞ்ச ஒருத்தரு இதே மாதிரி ஒண்ண பாத்துட்டாரு. உடம்பு நடுங்கிப்போய் கூட வேலை செய்றவங்ககிட்ட சொல்லிருக்காரு, எல்லாரும் சேந்து யோசிச்சு, வெளிய சொன்னா வேலை போயிடும்னு முடிவு பண்ணி வாய மூடிக்கிட்டாங்க. பட்டர்னோவுக்கு எதிரா போறது நாட்டு ஜனாதிபதிக்கு எதிரா போற மாதிரின்னு அதுல ஒருத்தரு பின்னாடி விசாரணைல சொல்லிருக்காரு. பட்டர்னோ அவங்கள மிரட்டினாருன்னு யாரும் சொல்லல, அவங்க பேரு கூட அவருக்கு தெரிஞ்சிருக்காது. யாரும் மிரட்டாமலே பயம் படி இறங்கி அவங்ககிட்ட வந்து சேந்துடுச்சு.

2011 நவம்பர் 5 சாண்டஸ்கி கைது. நவம்பர் 9 ராத்திரி பத்து மணி வாக்குல ஒரு ஆளு பட்டர்னோ வீட்டுக் கதவ தட்டி ஒரு துண்டுச் சீட்டு குடுக்கிறாரு, அதுல ஒரு போன் நம்பர். போன் பண்ணா டிரஸ்டி போர்டு துணைத் தலைவர் எடுத்து, உங்கள வேலைய விட்டு நீக்கிட்டோம்னு சொல்றாரு. அசிஸ்டன்ட்டா இருந்த காலமும் சேத்து 61 வருஷ சர்வீஸ், ஒரு போன்ல முடிஞ்சுது. அவரு மனைவி திரும்ப அதே நம்பருக்கு கூப்பிட்டு, 61 வருஷத்துக்கு இதவிட நல்ல மரியாதை கிடைச்சிருக்கணும்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி ஆயிரக்கணக்கான ஸ்டூடண்ட்ஸ் தெருவுல இறங்கி டிவி சேனல் வேன கவுத்துப் போட்டாங்க, பாதிக்கப்பட்ட பசங்களுக்காக இல்ல, கோச்சுக்காக. (ரெண்டு நாள் கழிச்சு அதே ஸ்டூடண்ட்ஸ்ல நிறைய பேரு பசங்களுக்காக மெழுகுவத்தி ஏத்தி நின்னாங்க, அதையும் சொல்லிடணும்.) இன்னும் கொஞ்சம் செஞ்சிருக்கலாம்னு இப்ப தோணுதுன்னு பட்டர்னோ அறிக்கை விட்டிருந்தாரு. 2012 ஜனவரி 22 நுரையீரல் புற்றுநோய்ல இறந்துட்டாரு. சாண்டஸ்கி 45 குற்றங்கள்ல தண்டிக்கப்பட்டு 30 முதல் 60 வருஷம் ஜெயில்.

அப்புறம் வந்துச்சு தண்டனைத் திருவிழா. என்சிஏஏங்கிறது காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்துற அமைப்பு, அரசாங்கம் இல்ல, காலேஜ்களே சேந்து வச்சிருக்கிற சங்கம் மாதிரி. அது 2012 ஜூலைல பென் ஸ்டேட்டுக்கு 6 கோடி டாலர் அபராதம், 4 வருஷம் போஸ்ட் சீசன் மேட்ச் (சீசன் முடிஞ்சு நடக்கிற பெரிய மேட்ச்) தடை, ஸ்காலர்ஷிப் குறைப்பு, 1998லிருந்து 2011 வரைக்கும் ஜெயிச்ச மேட்ச் எல்லாம் செல்லாதுன்னு அறிவிச்சுது. பட்டர்னோ கணக்குல 409 வெற்றி இருந்துச்சு, 111 போய் 298 ஆச்சு. அதுக்கு முந்தின நாள் சிலையையும் தூக்கிட்டாங்க. இந்த வெற்றி அழிக்கிற சமாச்சாரம் எனக்கு எப்பவுமே புரிஞ்சதில்ல, ஒரு லட்சம் பேரு கண்ணால பாத்த மேட்ச்ச நடக்கலன்னு சொல்றதுல எந்தப் பையனுக்கு என்ன நியாயம் கிடைக்குது? தடைய அனுபவிச்சது சாண்டஸ்கியோட எந்த சம்பந்தமும் இல்லாம 2012ல வந்து சேந்த 18 வயசுப் பசங்க. கேஸ் கோர்ட்டுக்குப் போய் 2015 ஜனவரில சமரசம் ஆகி 111 வெற்றியும் திரும்ப வந்துடுச்சு, மறுபடியும் 409.

நெஜமான கணக்கு வேற இடத்துல நடந்துச்சு. குற்றச் சம்பவங்கள ஒளிக்காம வெளிய சொல்லணும்னு காலேஜ்களுக்கு 1990ல போட்ட கிளெரி சட்டத்துல 2016ல கிட்டத்தட்ட 24 லட்சம் டாலர் அபராதம். பாதிக்கப்பட்டவங்களுக்கு யூனிவர்சிட்டி குடுத்த நஷ்டஈடு 10 கோடி டாலர தாண்டுச்சு. கர்லியும் ஷுல்ட்ஸும் 2017ல குழந்தைய ஆபத்துல விட்ட குற்றத்த ஒத்துக்கிட்டாங்க, ஸ்பானியர் அப்பீல் மேல அப்பீல் போயும் கடைசில 2021ல ரெண்டு மாசம் போல உள்ள போயிட்டு வந்தாரு. ஆக, பட்டர்னோ சொன்ன அந்த "மேல" இருந்த மூணு பேரும் ஜெயில் பாத்தாச்சு.

இப்ப அந்த டிரெசல் கதைக்கு வாங்க. அவரு மேல குற்றம் என்ன? டீம் பசங்க அவங்களோட ஜெர்சி, மெடல் மாதிரி சாமான்கள ஒரு டாட்டூ கடைல குடுத்து பச்சை குத்திக்கிட்டாங்க, காசும் வாங்கிருக்காங்க. அப்ப இருந்த என்சிஏஏ ரூல்படி தப்பு. டிரெசலுக்கு ஈமெயில்ல தகவல் வந்தும் மறைச்சுட்டாரு. வேலை போச்சு, அதோட 5 வருஷத்துக்கு ஷோ காஸ், அதாவது அந்த 5 வருஷத்துல எந்தக் காலேஜ் அவர வேலைக்கு எடுத்தாலும் அந்தக் காலேஜ் என்சிஏஏகிட்ட போய் காரணம் சொல்லணும், நடைமுறைல யாரும் கிட்டயே வர மாட்டாங்க. பச்சை குத்தினதுக்கு.

பக்கத்துல பெய்லர வச்சுப் பாருங்க. டெக்சஸ்ல வேகோங்கிற ஊர்ல பாப்டிஸ்ட் சர்ச் யூனிவர்சிட்டி. 2008ல வந்த ஆர்ட் பிரைல்ஸ், தோத்துக்கிட்டே இருந்த டீம தூக்கி நிறுத்தி, 2014ல புது ஸ்டேடியமே எழும்புச்சு. அதே வருஷங்கள்ல டீம் ஆளுங்க மேல பாலியல் வன்முறைப் புகார்கள் ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு, சிலருக்கு ஜெயில் தண்டனையும் ஆச்சு. பெப்பர் ஹாமில்டன்னு ஒரு வக்கீல் நிறுவனத்த கூப்பிட்டு விசாரிச்சாங்க. அந்த விசாரணை முடிவு முழு ரிப்போர்ட்டா எழுதப்படவே இல்ல, வக்கீலுங்க போர்டு முன்னாடி வாயால சொன்னாங்க, ஊருக்கு வெளியிட்டது 13 பக்கம். எழுத்துல இருந்தா நாளைக்கு கோர்ட்ல கேப்பாங்கல்ல. அந்த 13 பக்கத்துலயே என்ன இருக்குன்னா, ஃபுட்பால் ஸ்டாஃப் புகார் சொன்ன பொண்ணுங்களயும் அவங்க பெத்தவங்களயும் தாங்களே நேர்ல பாத்துப் பேசி, யூனிவர்சிட்டி விசாரணைப் பிரிவுக்கு அனுப்பாமலே விட்டிருக்காங்க, ஒழுங்கு நடவடிக்கைக்குன்னு தங்களுக்குள்ள தனி சிஸ்டமே வச்சிருந்தாங்க. பட்டர்னோ மேலயாவது சொன்னாரு, இங்க மேலங்கிற ரோடையே அடைச்சாச்சு.

2016 மே மாசம் பிரைல்ஸ் நீக்கம். பிரசிடெண்ட் பதவிலிருந்து கென் ஸ்டார் இறக்கப்பட்டாரு, ஆமா, கிளின்டன விசாரிச்ச அதே கென் ஸ்டார். பிரைல்ஸ் போறப்ப வாங்கிட்டுப் போனது 1.51 கோடி டாலர். என்சிஏஏ அஞ்சு வருஷம் ஆராய்ஞ்சு 2021 ஆகஸ்ட்ல தீர்ப்பு சொல்லுச்சு: நடந்தது ரொம்ப கேவலம், ஆனா பாலியல் வன்முறைய ரிப்போர்ட் பண்ணாம விட்டது எங்க ரூல் புக்ல ஸ்போர்ட்ஸ் விதிமீறலா வராது. மத்த சில்லறை விதிமீறலுக்கு அபராதம் 5,000 டாலர், கூட 4 வருஷம் கண்காணிப்பு, இன்னும் சில சின்னக் கட்டுப்பாடு. 6 கோடியும் 5,000மும், ஒரே அமைப்புதான்.

இத முட்டாள்தனம்னு ஒதுக்கிட முடியாது, அந்த ரூல் புக் எதுக்குப் பொறந்துச்சுன்னு பாத்தா புரிஞ்சுடும். ஒரு காலேஜ் இன்னொரு காலேஜ ஏமாத்தி நல்ல பிளேயர கொத்திட்டுப் போகக் கூடாது, அதுக்காக எழுதினது. அதனால போட்டி நியாயத்துல அது ரொம்ப கறார், 2023லிருந்து ஸ்டாஃப் யாரு விதி மீறினாலும் ஹெட் கோச்சுக்கு தெரியாதுன்னு சொன்னாலும் விடுறதில்ல, நேரா பொறுப்பு அவருதான். அந்த வருஷம் மிச்சிகன் கோச் ஜிம் ஹார்பா கொரோனா காலத்துல தடை இருந்தப்ப ரெக்ரூட் பசங்கள (டீமுக்கு இழுக்கப் பாக்குற ஸ்கூல் பசங்க) சந்திச்ச விவகாரத்துல 3 மேட்ச் வெளிய உக்காந்தாரு, பர்கர் வாங்கிக் குடுத்த கேஸ்னு ஊரே சிரிச்சுது, விஷயம் பர்கர் இல்லப்பான்னு என்சிஏஏவே விளக்கம் குடுக்க வேண்டி வந்துச்சு. பர்கர்ல தெரியாதுன்னு சொல்ல முடியாது, பலாத்காரத்துல சொல்லலாம்.

தெரியாதுங்கிற அந்த வார்த்தைய எடுத்துக்கோங்க. ஒரு ஹெட் கோச்சுக்கு தன் டீம் பையன் காலைல என்ன சாப்பிட்டான், எடை எவ்ளோ, கிளாசுக்குப் போனானா, ராத்திரி எத்தன மணிக்கு ரூமுக்கு வந்தான்னு எல்லாம் தெரியும், அதுக்குன்னே சம்பளத்துக்கு ஆளு போட்டிருப்பாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கான்னா மட்டும் தெரியாது. 2018 ஜூலைல ஒஹாயோ ஸ்டேட் கோச் அர்பன் மையர், தன் அசிஸ்டன்ட் ஜாக் ஸ்மித் மனைவிய அடிச்சதா 2015ல வந்த புகார் பத்தி கேட்டப்ப, எனக்கு எதுவும் தெரியாதுன்னு நிருபர்கள் முன்னாடி அடிச்சு சொன்னாரு. பத்து நாளுக்குள்ள, எனக்கு தெரியும், அப்பவே முறைப்படி சொல்ல வேண்டியவங்ககிட்ட சொன்னேன்னு அறிக்கை விட்டாரு. அதே பாட்டு, மேல சொல்லிட்டேன். அவரு மூணு தடவ நேஷனல் சாம்பியன் ஆன கோச், அந்த அசிஸ்டன்ட் அவரோட குருநாதரோட பேரன். விசாரணை ரிப்போர்ட்ல ஒரு சின்ன விஷயம்தான் என் மண்டைல நின்னுச்சு: இந்தச் செய்தி வெளியான அன்னைக்கு, ஒரு வருஷத்துக்கு முந்தின மெசேஜ் எல்லாம் போன்ல தானா அழியிற மாதிரி செட்டிங் எப்படி மாத்துறதுன்னு மையர் தன் ஸ்டாஃப்கிட்ட பேசிருக்காரு, பிறகு போன வாங்கிப் பாத்தா ஒரு வருஷத்துக்கு பழைய மெசேஜ் ஒண்ணு கூட இல்ல. தண்டனை 3 மேட்ச் சஸ்பென்ஷன். 2025ல காலேஜ் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாச்சு.

அப்ப யாரு மேல கத்தி விழுது, யாரு தப்பிக்கிறாங்க? என்னக் கேட்டா கான்ட்ராக்ட்ட படிங்கன்னு சொல்லுவேன், ரூல் புக்க விட அது நேர்மையா பேசும். கோச் தோத்துட்டாருன்னு அனுப்பினா மிச்ச வருஷத்துக்கு பேசின பணம் குடுத்தாகணும், பைஅவுட்னு பேரு. 2023 நவம்பர்ல டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் கோச் ஜிம்போ ஃபிஷர அனுப்ப ஒத்துக்கிட்டது 7.5 கோடி டாலருக்கும் மேல, ஒழுங்கா ஜெயிக்கல, அவ்ளோதான் அவரு தப்பு. அதே கான்ட்ராக்ட்ல இன்னொரு பிரிவு இருக்கும், ஃபார் காஸ், நடத்தை சரியில்லன்னு நிரூபிச்சு அனுப்பினா காலணா குடுக்க வேணாம். மிச்சிகன் ஸ்டேட் 2021ல மெல் டக்கருக்கு 10 வருஷத்துக்கு 9.5 கோடி டாலர்னு எழுதிக் குடுத்துச்சு. 2023 செப்டம்பர்ல, பாலியல் வன்முறைக்கு எதிரா அந்த டீம் பசங்ககிட்டயே பேச வந்த பிரெண்டா டிரேசிங்கிற பெண்மணி குடுத்த புகார் வெளிய வந்தப்ப, மூணு வாரத்துக்குள்ள ஃபார் காஸ்ல தூக்கிட்டாங்க, மிச்சமிருந்த 8 கோடி போல குடுக்க வேண்டியதில்ல (டக்கர் குற்றச்சாட்ட மறுக்கிறாரு, கோர்ட்டுக்கும் போனாரு). தூக்கினது தப்புன்னு சொல்லல. ஆனா முந்தின சீசன் அவரு டீம் 5 ஜெயிச்சு 7 தோத்திருந்துச்சு, அது 11 ஜெயிச்ச சீசனா இருந்திருந்தா இதே வேகம் இருந்திருக்குமான்னு ஒரு சந்தேகம் எனக்கு போகவே மாட்டேங்குது.

மேரிலாண்ட்ல இன்னும் விசித்திரம். 2018 மே மாசம் பிராக்டீஸ்ல வெயில் தாங்காம ஜோர்டான் மெக்நேர்னு 19 வயசுப் பையன் சுருண்டு விழுந்து ரெண்டு வாரத்துல இறந்துட்டான். வெப்ப பாதிப்புல விழுந்தவன உடனே ஐஸ் தண்ணில முக்கி எடுக்கணும், ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல பாலபாடம், அத செய்யல. ஆனாலும் அக்டோபர் 30ந் தேதி கவர்னிங் போர்டு கோச் டி.ஜே. டர்கின் தொடரட்டும்னு முடிவு பண்ணுச்சு, பிரசிடெண்ட் வாலஸ் லோ மறுநாளே போர்ட மீறி டர்கின நீக்கினாரு. நான் படிச்ச வரைக்கும் கோச்சுக்கு மேல ஒருத்தரு நெஜமாவே இருந்த அபூர்வ நாள் அது. அவரும் அப்ப ரிட்டயர்மென்ட் அறிவிச்சுட்டாரு, இழக்க ஒண்ணும் இல்ல. டர்கினுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல பைஅவுட், இப்ப வேற பெரிய டீம்கள்ல டிஃபன்ஸ் கோச்சா வேலை பாத்தாச்சு.

இதுக்கு மறுபக்கம் நார்த்வெஸ்டர்ன். 2023 ஜூலை 7, டீம்ல புதுப் பசங்கள ராகிங் பண்ணாங்க, கோச் பேட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு தெரிஞ்சதுக்கு போதுமான ஆதாரம் இல்ல, ஆனா தெரிஞ்சிருக்கணும்னு சொல்லி 2 வாரம் சஸ்பெண்ட். மறுநாள் ஸ்டூடண்ட் பத்திரிகை டெய்லி நார்த்வெஸ்டர்ன் விவரமா எழுதிடுச்சு. 10ந் தேதி டிஸ்மிஸ். மூணு நாள்ல ஆதாரம் மாறல, தலைப்புச் செய்தி மாறுச்சு. அவரு 13 கோடி டாலர் கேட்டு கேஸ் போட்டாரு, 2025 ஆகஸ்ட்ல சமரசம், அவரு ராகிங்க தூண்டினதாவோ தெரிஞ்சு விட்டதாவோ ஆதாரம் இல்லன்னு யூனிவர்சிட்டி ஒத்துக்கிச்சு. அந்த வருஷ கடைசில மிச்சிகன் ஸ்டேட் ஹெட் கோச்சா எடுத்துக்கிச்சு. ஆத்திரத்துல எல்லா கோச்சையும் ஒரே கயித்துல கட்டிடக் கூடாதுங்கிறதுக்காகவும் இத சொல்றேன், தெரிஞ்சு மறைச்சவன், தெரிஞ்சுக்க விரும்பாதவன், நெஜமாவே தெரியாதவன், மூணும் வேற வேற. முதலாமவனுக்கு சட்டம் இருக்கு, மூணாமவனுக்கு கோர்ட் இருக்கு, நடுவுல இருக்கிற ஆள என்ன பண்றதுன்னுதான் இன்னும் யாருக்கும் பிடிபடல.

உருப்படியா ஒண்ணு மாறுச்சுன்னா அது பென்சில்வேனியா சட்டம்தான். 2014 கடைசிலிருந்து, குழந்தை விஷயத்துல தகவல் வந்தா மொதல்ல நீயே மாநில ஹெல்ப்லைனுக்கு நேரா சொல்லணும், அப்புறம்தான் மேலதிகாரிக்கு. கோச்சு, டைரக்டரு, பிரசிடெண்ட் யாரு அனுமதியும் தேவையில்ல, மேல சொல்லிட்டேன்ங்கிறது இனிமே பதிலே ஆகாது. ஏணிய சரி பண்ண முடியலன்னதும் ஏணியவே சுத்திக்கிட்டுப் போக வழி விட்டாங்க, புத்திசாலித்தனம்.

மெக்குவீரி என்ன ஆனாரு? 2004ல பட்டர்னோ அவர அசிஸ்டன்ட் கோச் ஆக்கினாரு. 2011ல சாட்சி அவருதான்னு தெரிஞ்சதும் பாதி ஊரு ஏன்டா அன்னைக்கே அவன அடிச்சுத் தள்ளலன்னு திட்டுச்சு, மீதி ஊரு எங்க கோச்ச காட்டிக் குடுத்துட்டியேன்னு திட்டுச்சு. யூனிவர்சிட்டி லீவுல அனுப்பி, கான்ட்ராக்ட்ட புதுப்பிக்காம விட்டுடுச்சு. அவரு கேஸ் போட்டு 2016ல ஜூரி 73 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லுச்சு, நீதிபதி தனியா இன்னொரு 50 லட்சம் போல சேத்தாரு. அந்த வழக்குல சாட்சிக் கூண்டுல அவரு சொன்னது, பல டீமுக்கு எழுதிப் பாத்தேன், கோச் வேலை யாரும் குடுக்கலன்னு.